எத்தினை வாளி அள்ளுவாய்?

2022 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. வேலை நாள்தான், ஆனால் கந்தோர் இல்லை. அத்தியாவசிய சேவையில் இல்லாத அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு, வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்று அந்த வாரத் திங்கட்கிழமைதான் அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. பெற்றோலும் மிஞ்சும், மரக்கறியும் முளைக்கும் என்பது கொழும்பின் கணக்கு.

நானும் கந்தோரில் கோப்புக் கட்டுகிற ஆள்தான். சண்டிலிப்பாயில் பிறந்து, மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் நடுவிலேயே வாழ்க்கையை ஓட்டி, வீட்டைச் சுற்றி இரண்டு பரப்பு வளவு இருந்தும் அன்றுவரை ஒரு வெண்டி நட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் தோட்டம் என்றால் அது குஞ்சையாவின் வேலை. அப்பாவின் தம்பி, பக்கத்து வளவு. எழுபதுகளில் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த மனிதர். அவர் வேலிக்கு மேலால் நீட்டுகிற கத்தரிக்காயை வாங்கிக் கறி வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விவசாயம்.

அந்த வருடம் நிலைமை வேறு. சங்கானைச் சந்தைக்குப் போனால் பையைவிட வேகமாகப் பேர்ஸ் காலியாகும். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று புள்ளிவிபரம் வந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. போன வருடத்து விலையின் இரட்டிப்பு என்பது எங்களுக்கு அதற்கு முன்னமே தெரியும். ஆகவே லீவு அறிவித்த கையோடு எட்டுப் பைக்கற் விதை வாங்கினேன். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயற்றை, பாகல், புடோல், கீரை. அதோடு தமிழ்நாட்டு மாடித்தோட்ட வீடியோக்கள் ஒரு இருபது பார்த்தேன். என் கணக்கில் நான் தயார்.

மூன்று கிழமைத் தோட்டம்

வளவின் பின்பக்கம், வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து இருபது அடிக்கு இருபது அடி கொத்தினேன். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை, இரண்டாம் வெள்ளிக்கே கொப்பளம். எட்டுப் பைக்கற்றையும் ஒரே நாளில் போட்டேன். மாமியின் கோழிக்கூட்டில் இருந்து புதுக் கோழியெச்சத்தை ஒரு பை அள்ளி வந்து தாராளமாகத் தூவினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீரை விதையை எறும்பு வரிசை கட்டிக்கொண்டு தூக்கிப் போனது. கோழியெச்சம் விழுந்த இடத்தில் முளைத்த பயற்றை ஓரம் கருகிச் சுருண்டது. வெண்டி முளைத்து இரண்டு இலை விட்டதும் சோளகம் பிடித்தது. ஆனி, ஆடியில் யாழ்ப்பாணத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், சோளகக் காற்று காலையில் ஊற்றின தண்ணீரை மத்தியானத்துக்குள் குடித்துவிட்டுப் போகும். கரண்ட் வெட்டு வேறு. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டரும் இல்லை. கயிற்றில் வாளியைக் கட்டி அள்ளி அள்ளி ஊற்றினேன். மூன்றாம் கிழமை என் இடுப்பும் தோட்டமும் ஒரே நாளில் விழுந்தன.

அப்போதுதான் குஞ்சையா வேலிப்பொட்டுக்குள்ளால் வந்தார். கருகினதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தினை வாளி அள்ளுவாய்?"

"தேவையான அளவு அள்ளுவன் குஞ்சையா."

"தேவையை விடு. உன்ரை கை எத்தினை அள்ளும்? வருசம் முழுக்க, சுகமில்லாத நாளும் சேர்த்து."

கொஞ்சம் யோசித்தேன். "காலமை மூண்டு, பின்னேரம் மூண்டு."

"அப்ப நீ செய்ய வேண்டியது ஆறு வாளித் தோட்டம். செய்து வைச்சிருக்கிறது இருபது வாளித் தோட்டம்."

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். புதிதாகத் தோட்டம் செய்யப் போகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது வாளியை. விதைப் பைக்கற் அதற்குப் பிறகு.

வாளிக் கணக்கு

கந்தோர்ப் புத்தி சும்மா விடுமா? அன்றிரவே கணக்குப் பார்த்தேன். எங்களூர்க் கோடையில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு மண்ணிலும் செடியிலும் இருந்து உறிஞ்சுகிற தண்ணீர் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். இருபதுக்கு இருபது அடி என்றால் 37 சதுர மீற்றர், ஆகவே நாளுக்கு 185 லீற்றர். 10 லீற்றர் வாளியால் பதினெட்டு, பத்தொன்பது வாளி. குஞ்சையா மில்லிமீற்றர் கண்டவர் இல்லை, ஆனால் அவர் சொன்ன இருபதுக்கு ஒரு வாளிதான் வித்தியாசம்.

மறுபக்கமாகவும் போட்டுப் பார்த்தேன். ஆறு வாளி என்றால் 60 லீற்றர், அது 12 சதுர மீற்றருக்குக் காணும். பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் நாலு பாத்தி. மூன்றடி என்றதற்குக் காரணம் உண்டு: இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், பாத்திக்குள் கால் வைக்கத் தேவையில்லை, மண் இறுகாது. முதல் வருடம் நாலும் வேண்டாம், இரண்டு போதும் என்றார் குஞ்சையா. அதுவும் கிணற்றடிக்குப் பக்கத்தில். வளவின் மூலைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற உற்சாகம் எத்தனை நாளைக்கு என்று அவருக்குத் தெரியும்.

நம் பழைய வீடுகளைப் பாருங்கள். கிணற்றடியில் இருந்து ஒரு சின்ன வாய்க்கால் போகும், அது முடிகிற இடத்தில் வாழை. பக்கத்தில் கமுகு, தேசி, கறிவேப்பிலை. குளிக்கிற தண்ணீர், கால் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான். ஒருவரும் அதைத் தோட்டம் என்று சொல்வதில்லை, ஒருவரும் அதற்கென்று தண்ணீர் ஊற்றுவதுமில்லை, வருடம் முழுக்கக் குலை வெட்டுகிறார்கள். நான் வெயில் பார்த்து இடம் பிடித்தேன், அந்தக் காலத்து ஆட்கள் தண்ணீர் போகிற இடம் பார்த்து நட்டார்கள். (சவர்க்காரத் தண்ணீர் வாழைக்குச் சரி. கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.)

குஞ்சையா ஏன் தண்ணீரால் யோசிக்கிறார்

குஞ்சையா சின்னப் பிள்ளையாக இருந்தபோது துலா. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற. பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிஷின் வந்தது. 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடிக்க, வலிகாமத்தில் மண்வெட்டி பிடித்தவன் எல்லாம் நிமிர்ந்தான். குஞ்சையா கல்வீடு கட்டினது அந்த மிளகாயில்தான். 1977இல் சந்தையைத் திறந்துவிட, வெளிமிளகாய் வந்து விலை விழுந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, யூரியா வராது, மண்ணெண்ணெய் தங்கம். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரோடு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது தோட்டக்காணி முழுக்கப் பற்றை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவினபோது நாங்கள் தலையில் கை வைத்தோம். குஞ்சையா மிஷினைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, தான் கையால் அள்ளக்கூடிய அளவுக்குத் தோட்டத்தைக் குறைத்தார். அவருக்கு அது மூன்றாந்தரம்.

சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்து எண்ணெயும் உரமும் நின்றபோது கியூபாவும் நகரத்துக்குள்ளேயே மரக்கறி போட்டது. ஹவானாவில் வெறுங்காணிகள் எல்லாம் பாத்தியாயின. அங்கே அரசாங்கம் காணி கொடுத்தது, விதையும் ஆலோசனையும் கொடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை. அதுவும் சோளகம் அடிக்கிற ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே எழுத்தில் நிறுத்தி, நவம்பரில் விலக்கினதும் இதே அரசாங்கம்தான்.

தண்ணீரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்த்தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நாங்கள் அள்ளுவது அந்த வில்லையைத்தான். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி இருக்கும் என்பது நிலத்தடி நீர்ப் பாடத்தின் கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறும். ஆகவே மிஷின் போட்டு மூச்சுவிடாமல் இறைப்பது கெட்டித்தனமில்லை. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் இதே வெடிப்பால் இறங்கி இதே கிணற்றுக்குத்தான் வருகிறது. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். வீட்டுத்தோட்டக்காரருக்கு இது இன்னும் கிட்ட: நாங்கள் உரம் போடுகிற பாத்திக்குப் பத்தடி தள்ளித்தான் குடிக்கிற கிணறு.

மண்ணுக்கு என்ன போட்டேன்

வீடியோவில் வருகிறவர்கள் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். அது புளிப்பு மண்ணுக்கு. எங்கள் நிலமே சுண்ணாம்புக்கல்லின் மேல் படுத்திருக்கிறது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்தாலே தெரியும். மேலும் சுண்ணாம்போ, அடுப்புச் சாம்பலை வாளிக் கணக்கிலோ கொட்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடி எடுக்க முடியாமல் போகும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் விஷயம்.

குஞ்சையா செய்யச் சொன்னது குழை தாழ்ப்பது. வேலியில் நின்ற பூவரசையும் கிளிரிசிடியாவையும் வெட்டி, பாத்தியில் ஒரு அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, குழையைப் போட்டு மிதித்து, மேலே மக்கின மாட்டெருவைப் பரவி மண்ணை மூடி, மூன்று கிழமை தண்ணீர் தெளித்து விட்டேன். கொத்திப் பார்த்தபோது மண்புழு இருந்தது. அதற்கு முதல் அந்த வளவில் நான் மண்புழு கண்டதில்லை. எருவைப் பற்றி ஒரே விதி: மணம் வந்தால் அது இன்னும் எரு இல்லை. குறைந்தது இரண்டு மூன்று மாதம் குவித்து மக்க விடுங்கள். என் பயற்றை கருகினது அந்த விதி தெரியாமல்தான்.

பாத்தியின் உருவமும் காலத்தோடு மாறும். மாரிக்கு உயர்ந்த பாத்தி, அரை அடியாவது மேடு, இல்லாவிட்டால் வேர் அழுகும். கோடைக்குத் தாழ்ந்த பாத்தி, சுற்றி வரம்பு, ஊற்றின தண்ணீர் உள்ளேயே நிற்கும். வீடியோவைப் பார்த்து ஆனி மாதத்தில் மேட்டுப்பாத்தி பிடித்தவர்கள் கையைத் தூக்குங்கள். என் கை ஏற்கெனவே மேலே. அதோடு வாழைச்சருகு, வைக்கோல், பழைய கிடுகு எது கிடைத்தாலும் மண்ணை மூடுங்கள். மூடின பிறகு கோடையிலும் சில பாத்திகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊற்றுகிறேன்.

எதை எப்போது

என் இரண்டாம் தொடக்கம் ஆவணியில். இந்த முறை எட்டுப் பைக்கற் இல்லை.

முதலில் கீரை. மூன்று நாலு கிழமையில் சட்டிக்கு வரும், தொடக்கக்காரருக்கு அந்தச் சின்ன வெற்றி தேவை. விதை பொடி, ஆகவே நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவினால் சமனாக விழும். எறும்புக்குப் பாத்தியைச் சுற்றி அரிசிக் குறுணல் போட்டேன். அது குறுணலைத் தூக்க, விதை தப்பியது.

அடுத்தது வெண்டியும் பயற்றையும். இரண்டும் நேரே பாத்தியில் போடலாம், நாற்று வேண்டாம். வெண்டி விதையை ஒரு இரவு ஊற வையுங்கள். செடிக்குச் செடி இரண்டடி விடுங்கள், நெருக்கினால் ஒன்றும் காய்க்காது. ஒன்றரை மாதத்தில் முதல் காய். பயற்றைக்கு ஏறுவதற்குத் தடியும் கயிறும் போதும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நாற்றுமேடைக்காரர். ஆவணியில் போட்டால், நாலைந்து கிழமையில் பிடுங்கி நட, ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மேடைக்கு மேல் வைக்கோலும் உமியும் போட்டு எரித்துவிட்டு விதைத்தால் நாற்றழுகல் குறையும். கத்தரியில் எங்கள் திருநெல்வேலியின் பெயரிலேயே ஒரு ஊதா இனம் இருக்கிறது, ஊர் வெயில் தெரிந்த இனம். எஃப்1 என்று எழுதின கலப்பின விதை வாங்கினால் அதிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்காதீர்கள், தாயைப் போல் பிள்ளை வராது. சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுக்கலாம், அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்கலாம். நான் இலையைப் பிடுங்கி ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போனேன், படத்தைவிட அது நல்லது.

விதையே வேண்டாத பயிர்களும் உண்டு. முருங்கைத் தடி நாலடியில் வெட்டி ஊன்றினால் போதும். தமிழ்நாட்டு விவசாயப் புத்தகங்களில் "யாழ்ப்பாண முருங்கை" என்று தனியாகவே ஓர் இனம் எழுதியிருக்கும், நீளக்காய், பல வருடம் நின்று காய்க்கிறது. அவர்கள் பெயர் போட்டுப் புகழ்கிற மரம் எங்கள் வேலியில் சும்மா நிற்கிறது. பசளியும் வல்லாரையும் கிணற்றடி ஈரத்துக்கே வளரும். ராசவள்ளிக் கிழங்குத் துண்டை மரத்தடியில் புதைத்துவிட்டு மறந்துவிடலாம், தையில் கூழ் காய்ச்ச ஞாபகம் வரும்.

கார்த்திகையில் மழை கொட்டினது. வழுக்கையாறு நிறைந்து அராலிப் பக்கம் ஓடினது. என் மேட்டுப்பாத்தி நின்றது, ஆனால் ஆபிரிக்க நத்தை வந்து இரண்டு இரவில் ஒரு வரிசை நாற்றைத் தின்றது. டோர்ச் அடித்துக் கையால் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. (வெறுங்கையால் வேண்டாம், ஒரு பை போட்டுக்கொள்ளுங்கள்.) மழை விட்டதும் மிளகாயில் அழுக்கணவன். இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் அடித்தேன். இலையின் அடிப்பக்கத்துக்கு அடிக்க வேண்டும், பூச்சி அங்கேதான் குடித்தனம்.

கணக்கு முடிவு

உண்மையைச் சொல்கிறேன். என் நாலு பாத்தியால் சங்கானைச் சந்தைக்கு ஒரு நட்டமும் இல்லை. கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இன்னும் வாங்குகிறேன். கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, முருங்கை இந்த நாலுக்கும் காசு கொடுப்பதில்லை. தை, மாசியில் கத்தரியும் பயற்றங்காயும் மிஞ்சி, நானே வேலிக்கு மேலால் நீட்டுகிறேன். எல்லாவற்றையும்விடக் காய்த்தது நான் நடாத ஒன்று: அடுப்படிக் கழிவோடு கிணற்றடிக்குப் போன பூசணி விதை. தானாக முளைத்து, வாய்க்காலோடு ஓடி, வேலி ஏறி ஏழு காய். தண்ணீர் எங்கே போகிறதென்று அதற்கு என்னைவிட முதலே தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை லீவு எப்போதோ போய்விட்டது. காலமை மூன்று வாளியும் பின்னேரம் மூன்று வாளியும் போகவில்லை. காய்ச்சல் நாளில் நாலு வாளி, பாத்தி சமாளித்துக்கொள்கிறது. கயிறு ஒரு தரம் மாற்றியாயிற்று.

போன ஆவணியில் குஞ்சையாவுக்கு முழங்கால் ஏலாமல், நாற்றுமேடை போடவில்லை. ஐம்பது வருடத்தில் முதல் தரம் என்று குஞ்சம்மா சொன்னா. புரட்டாசியில் ஒரு பின்னேரம் வேலிப்பொட்டுக்குள்ளால் வந்தார், கையில் ஈரச்சாக்குத் துண்டு. என் மிளகாய் மேடைக்கு முன்னால் பொல்லை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, வேர் அறாமல் பன்னிரண்டு நாற்றுக் கிளப்பிச் சாக்கில் சுற்றினார்.

"நெருக்கமா விதைச்சிருக்கிறாய்" என்றார்.

பொட்டடியில் நின்று திரும்பி, "பரவாயில்லை, பிடிக்கும்" என்றுவிட்டுப் போனார்.